சந்தனக் கன்றுகளில் இலை சிறுத்துவிட்டது: இது ஸ்பைக் நோயா, நர்சரியிலிருந்து வந்ததா?

கனகபுரா சாலைக்கு அப்பால் காட்டோரமாக உள்ள இரண்டு ஏக்கரில் மூன்று ஆண்டுகளுக்கு முன் 400 சந்தனக் கன்றுகளை நட்டதாகவும், அவற்றில் 11 கன்றுகளில் இந்த ஆண்டு இலை சிறுத்து, மஞ்சளித்து, விறைத்து நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கன்று விற்ற நர்சரிக்காரர் நுண்ணூட்டம் தெளிக்கச் சொல்கிறார், நண்பர் ஒருவர் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகப் போடச் சொல்கிறார், இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். எந்த மருந்து என்று கேட்டிருந்தாலும், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபின் அதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இது உண்மையிலேயே ஸ்பைக் நோய்தானா. அப்படியானால் நர்சரியிலிருந்தே வந்ததா. மீதமுள்ள 389 கன்றுகளுக்கும் வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டுச் சந்தனத்துக்கும் அது பரவாமல் என்ன செய்வது. மருந்தைப் பற்றிய பதில் இந்த மூன்றுக்கும் பிறகுதான் வர முடியும் என்பதால், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெங்களூரில் பயிர்நோய் ஆய்வகம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் மாதிரிகளைச் சோதித்திருக்கிறேன்; அவற்றில் கணிசமானவை சந்தனம். ஆகவே நோயைக் கண்டறிவது பற்றி நான் சொல்வதை உறுதியோடு எடுத்துக்கொள்ளலாம். பூச்சியியல் என் துறையன்று. அந்தப் பகுதியில் துறைக்குள்ளேயே முடிவாகாத விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை அப்படியே முடிவாகாதவை என்றே குறிப்பிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படங்களை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது, என்னாலும் முடியாது.

முதலில், உறுதியாகத் தெரிந்தவை. இந்த நோய் 1899-இல் குடகில் முதன்முதலில் பதிவானது. அதன்பின் 1903-க்கும் 1916-க்கும் இடையில் குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தன மரங்கள் இதனால் அகற்றப்பட்டன. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 10,000 ரூபாய் பரிசு தருவதாக 1907-இல் மைசூர் அரசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதிலிருந்தே அரசுக்கு ஏற்பட்ட அச்சம் புரியும். மைசூர் வேளாண்துறையில் பணியாற்றிய லெஸ்லி கோல்மன், நோயுற்ற மரத்தின் ஒட்டு நல்ல மரத்தில் சேரும்போது நோயும் சேர்ந்து வருகிறது என்று 1917-இல் வெளியிட்ட அறிக்கையில் காட்டினார். மண்ணும் தட்பவெப்பமும்தான் காரணம் என்ற வாதம் அதோடு வலுவிழந்தது. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1920-களிலும் 30-களிலும் நோயுற்ற இலைகளின் வேதியியலை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆயினும் நோயை உண்டாக்குவது எது என்பது, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1967-இல் செடிகளுக்குள் செல்சுவரற்ற ஒரு வகை நுண்ணுயிரைக் கண்டுபிடித்த பிறகுதான் தெளிவாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1969-இல், அதே வகை உயிரைச் சந்தனத்திலும் மின்னணு நுண்ணோக்கி வழியே கண்டார்கள். இன்று அதற்குப் பைட்டோபிளாஸ்மா என்று பெயர். சந்தனத்தில் இருப்பது ஆஸ்டர் மஞ்சள் குழுவைச் சேர்ந்தது. மரத்தில், பட்டைக்குள் உணவைக் கொண்டுசெல்லும் குழாய்களில் மட்டுமே அது வாழும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவை வளர்ப்பதுபோல் இதை எளிதாக வளர்த்துப் பார்க்க முடியாது. எங்கள் வேலை கடினமாவதற்கு அதுவே முதல் காரணம்.

இனி உங்கள் 11 கன்றுகளுக்கு வருகிறேன். ஸ்பைக் நோயில் புதிதாக வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடச் சிறியதாக இருக்கும், கணுவிடை சுருங்கும், இலைகள் தண்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக முட்கள்போல் விறைத்து நிற்கும், நிறம் வெளிறிப் பிறகு செம்மஞ்சளாகும். பூக்கும் வயதுள்ள மரத்தில் பூவிதழ்கள் இலைபோல் பச்சையாகும், காய் பிடிக்காது. எள்ளில் வரும் பூவிலை நோயையும் கத்தரியில் வரும் சிற்றிலை நோயையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் புதிதாக இராது, மூன்றும் ஒரே குடும்பத்து நோய்கள். ஆனால் பக்கத்து வயலில் சிற்றிலை நோய் கண்ட கத்தரி இருக்கிறது என்பதால் அங்கிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கத்தரியில் பெரும்பாலும் காணப்படும் பைட்டோபிளாஸ்மா வேறு குழுவைச் சேர்ந்தது. நோய் முற்றும்போது வேர்நுனிகளும், சந்தனம் சத்துக்காகத் துணைச்செடியின் வேரைப் பற்றியிருக்கும் உறிஞ்சு வேர்களும் செத்துப்போகும். அறிகுறி தெரிந்தபின் பெரும்பாலான மரங்கள் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பட்டுவிடுகின்றன.

இதே தோற்றத்தை வேறு காரணங்களும் தரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சந்தனம் பாதி ஒட்டுண்ணி; நீரையும் சத்தில் ஒரு பகுதியையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். துணைச்செடி இல்லாமல் அதனால் நன்றாக வாழ முடியாது. நட்டபோது பக்கத்தில் துவரை விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். துவரை ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் சவுக்கோ புங்கமோ போன்ற நீண்டகாலத் துணைமரம் வேரெட்டும் தூரத்தில் இல்லையென்றால், சரியாக மூன்றாம் ஆண்டில்தான் கன்று வெளிறி, இலை சிறுத்து, தேங்கி நிற்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இரும்புப் பற்றாக்குறையும் மஞ்சளிப்பைத் தரும். ஆனால் அதில் நரம்பு பச்சையாகவே இருக்கும், இலை விறைத்து நிற்காது. எல்லாவற்றையும்விட என்னை ஏமாற்றியது களைக்கொல்லி. ஆனேக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் முப்பது கன்றுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி, பிடுங்குவதற்கு ஆளும் பேசி வைத்துவிட்டு எங்களிடம் மாதிரியோடு வந்தார். இலைகளைப் பார்த்தபோது எனக்கும் ஸ்பைக் என்றுதான் தோன்றியது. சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. மீண்டும் எடுத்த மாதிரியிலும் கிடைக்கவில்லை. விசாரித்ததில், வரிசைகளுக்கிடையே கிளைபோசேட் அடித்த நாளில் காற்று வீசியிருக்கிறது. சிறிதளவு கிளைபோசேட் பட்ட செடியில் இலை குறுகிக் கொத்தாக வரும். அடுத்த இரண்டு தளிர்ப்புகளில் அந்தக் கன்றுகள் பெரும்பாலும் தேறிவிட்டன. அதிலிருந்து, இலையைப் பார்ப்பதற்கு முன் கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன தெளித்தீர்கள் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்; உங்களையும் அதையே கேட்கிறேன். பாதிக்கப்பட்ட 11 கன்றுகளும் ஒரே வரிசையிலோ, வேலியோரமாக ஒரே பக்கத்திலோ இருக்கின்றனவா, அல்லது தோட்டம் முழுவதும் சிதறி இருக்கின்றனவா என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வரிசையாக இருந்தால் மனிதர் செய்த செயலின் சந்தேகம் கூடும். சிதறி இருந்தால் நோயின் சந்தேகம் கூடும். இது சான்று ஆகாது, திசைகாட்டும் குறிப்பு மட்டுமே.

சான்று வேண்டுமென்றால், நோயுயிரின் மரபணு இருக்கிறதா என்று தேடும் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். அதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனெனில் அறிக்கையில் வரும் ஒரே சொல்லை நம்பி மக்கள் நல்ல மரத்தையும் வெட்டுகிறார்கள், நோயுற்ற மரத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். பைட்டோபிளாஸ்மா மரத்துக்குள் சீராகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் மிகுந்தும் இன்னொன்றில் அறவே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ‘இல்லை’ என்ற முடிவு, சோதித்த அந்தத் துண்டில் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. மறுபக்கம், மிகக் குறைந்த அளவையும் பிடிப்பதற்காக இரண்டு சுற்றாகச் செய்யும் நெஸ்டட் முறையில், காற்றிலும் கருவியிலும் ஒட்டியிருக்கும் நுண்துளியாலும், இலையிலேயே வாழும் வேறு பாக்டீரியாவாலும் பொய்யான ‘ஆம்’ வருவதுண்டு. அதனால் ‘ஆம்’ வந்தால் அந்தத் துண்டின் மரபணு வரிசையைப் படித்து உறுதி செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மாதிரி எடுக்கும்போது அறிகுறியுள்ள கிளைகள் மூன்று நான்கிலிருந்து இலைக்காம்பும் நடுநரம்பும் சேர்த்து எடுங்கள், அத்துடன் அறிகுறி இல்லாத இரண்டு கன்றுகளிலிருந்தும் எடுத்துத் தனித்தனியாகக் குறியிடுங்கள். காகித உறையில் போட்டு, குளிர்ந்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பாலிதீன் பையில் கட்டிப் பேருந்தில் பார்சலாக அனுப்பிய மாதிரிகள் எங்களிடம் அழுகிக் குழைந்துதான் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றிலிருந்து எந்த முடிவும் எடுக்க முடிந்ததில்லை. நீங்கள் நகரத்திலேயே இருப்பதால், மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரிப்பதுதான் நல்ல தொடக்கம். சந்தனம் அவர்களுடைய முதன்மையான ஆய்வுப் பொருள்களில் ஒன்று.

நர்சரியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு, வந்திருக்கக்கூடும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே என் மதிப்பீடு. நோயுற்ற மரத்தின் விதையால் வந்தது என்று பலர் சொல்வார்கள். ஸ்பைக் முற்றிய மரம் பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. பைட்டோபிளாஸ்மாக்கள் பொதுவாக விதை வழியே பரவுவதாகக் கருதப்படுவதில்லை. சில பயிர்களில் விதைக்குள் அதன் மரபணுத் தடயம் கிடைத்திருப்பதாக அண்மை ஆண்டுகளில் ஆய்வுகள் வந்திருப்பதால் இந்தக் கதவை முழுவதுமாக மூடிவிட முடியாது. என் கவலை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கன்றுகள் மாதக்கணக்கில் வலையில்லாமல் திறந்தவெளியில், உண்ணிச்செடிப் புதருக்கும் பழைய சந்தன மரத்துக்கும் பக்கத்தில் நின்றிருப்பது. மற்றொன்று, நோயுற்ற மரத்தின் வேர்க்கட்டைகளிலிருந்து கிளம்பும் குருத்துகளை எடுத்துப் பையில் ஊன்றி விற்பது. அந்தக் குருத்து பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. உங்கள் கன்றுகள் விதைக்கன்றுகளா, வேர்க்குருத்துகளா என்று நர்சரிக்காரரிடம் கேளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தெரியாமலேயே பலர் செய்கிறார்கள். மேலும், நோய் தொற்றிப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், கன்று எந்த அறிகுறியும் இல்லாமல் செழிப்பாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டில் தெரியும் நோய் உங்கள் நிலத்திலேயே, வேலிக்கு அப்பாலுள்ள காட்டிலிருந்து வந்திருக்கவும் முழு வாய்ப்பு இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று உங்கள் விஷயத்தில் பின்னோக்கிப் போய் நிரூபிக்க இயலாது.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நர்சரிக்கும் காட்டுக்கும் உள்ள உறவை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். 1990-களின் நடுப்பகுதியில் கலிபோர்னியக் கடலோரக் காடுகளில் ஓக் வகை மரங்கள் திடீரென்று கொத்துக் கொத்தாகப் பட்டுப்போகத் தொடங்கின. காரணம் பைட்டோப்தோரா ராமோரம் என்ற நீர்ப்பூஞ்சை. ஐரோப்பிய நர்சரிகளில் ரோடோடெண்ட்ரான் செடிகளிலிருந்து கிடைத்த அதே உயிருக்கு 2001-இல்தான் பெயரே வைத்தார்கள். அலங்காரச் செடியில் அது சில இலைப்புள்ளிகளோடு நின்றுவிடும். காட்டில் மரத்தையே கொல்லும். 2004-இல் தெற்குக் கலிபோர்னியாவின் பெரிய நர்சரி ஒன்றிலிருந்து நோய் தொற்றிய கேமிலியாச் செடிகள் பல மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கண்டுபிடித்தபோது, அவற்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. மழைத்துளியிலும் நீரிலும் பரவும் அந்த நோய்க்கும் பூச்சியால் பரவும் ஸ்பைக்குக்கும் உயிரியலில் எந்த உறவும் இல்லை. ஆனால் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. பூஞ்சைக்கொல்லி தெளித்த செடியில் ராமோரத்தின் அறிகுறி அடங்கிவிடும், உயிர் மட்டும் உள்ளே இருக்கும்; ஆய்வாளர் வந்து பார்த்து நல்ல செடி என்று எழுதிவிட்டுப் போவார்.

உங்கள் நண்பர் சொல்லும் டெட்ராசைக்ளினும் சந்தனத்தில் இதைத்தான் செய்கிறது. ஊசி மூலம் கொடுத்தால் சில வாரங்களில் பச்சை இலை வரும், பார்ப்பவர் மனம் குளிரும். சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். 1970-களிலிருந்து செய்த சோதனைகள் காட்டியது இதுவே. அந்த இடைக்காலத்தில் மரம் நலமாகத் தோன்றியபடியே பூச்சிகளுக்கு நோயின் ஊற்றாக இருக்கக்கூடும். மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக்கை மண்ணிலும் மரத்திலும் கொட்டுவதால் மருந்துக்கு அசையாத கிருமிகள் பெருகும் அபாயமும் இருக்கிறது. ஆகவே ஊசி வேண்டாம் என்று என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடியும். நுண்ணூட்டம் தீங்கு செய்யாது. காரணம் சத்துக்குறைவாக இருந்தால் பயனும் தரும். ஆனால் மாதிரி எடுப்பதற்கு முன் தெளிக்க வேண்டாம், தெளித்தால் எது எதனால் மாறியது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

எந்தப் பூச்சி பரப்புகிறது என்பதில்தான் உண்மையான சந்தேகம் இருக்கிறது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இனத்தவை என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு மூன்று இனங்களின் பெயர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டும் வருகின்றன. ஆனால் பூச்சியின் உடலில் பைட்டோபிளாஸ்மா இருப்பதைக் காட்டுவது ஒன்று, அந்தப் பூச்சி நல்ல மரத்துக்கு நோயைக் கடத்துகிறது என்று நிரூபிப்பது வேறொன்று. நோயுற்ற செடியில் சாறு குடித்த எந்தப் பூச்சியிலும் முதலாவது கிடைக்கும். காட்டில் உண்மையில் எந்த இனம், எந்தப் பருவத்தில், எவ்வளவு தூரம் கொண்டுசெல்கிறது என்பது இன்னும் திருப்திகரமாக நிறுவப்படவில்லை. உண்ணிச்செடி நோய்க்குப் புகலிடமா, அல்லது பூச்சிக்கு நிழல் மட்டும் தருகிறதா என்பதும் அப்படித்தான். இந்த நிலையில் காட்டோரத்தில் பூச்சிமருந்தை மாதாமாதம் தெளிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எதைக் கொல்ல வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொல்வதாகவே அது முடியும். நர்சரியின் நிலை வேறு, அங்கே இடம் சிறியது, தடுப்பது சாத்தியம். பூச்சி நுழையாத நெருக்கமான வலை, மஞ்சள் ஒட்டும் அட்டை, சுற்றிலும் களை இல்லாத வெற்றிடம், பழைய சந்தன மரத்திலிருந்து போதிய தொலைவு, எந்த விதை எந்த மரத்திலிருந்து எப்போது வந்தது என்ற பதிவேடு ஆகிய இத்தனையும் ஒரு நர்சரியால் செய்யக்கூடியவையே. கன்று வாங்குபவர்கள் விலையை மட்டும் கேட்காமல் அந்தப் பதிவேட்டையும் கேட்கத் தொடங்கினால், நர்சரிகள் அதை வைத்துக்கொள்ளத் தொடங்கும்.

காட்டைப் பற்றியும் நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோட்டக்காரர்கள் அநேகமாகக் கேட்பதில்லை. நோயுற்றதாகத் தெரியும் மரங்களை மட்டும் வெட்டுவது நோயின் அளவைக் குறைக்கலாம், நிறுத்திவிடாது. குடகிலும் மைசூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அகற்றியும் நோய் ஒழியாததற்கு, வெட்டப்பட்ட ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் இன்னும் அறிகுறி காட்டாத மரங்கள் நின்றிருந்ததும், வெட்டிய கட்டைகளின் வேரிலிருந்து நோய்க்குருத்துகள் மீண்டும் எழுந்ததும் முக்கியக் காரணங்களாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். காட்டில் செய்ய வேண்டியது தொடர்ச்சியான கண்காணிப்பு. குறித்த பாதையில், எண்ணிட்ட மரங்களை, ஆண்டுக்கு இருமுறை ஒரே ஆட்கள் பார்த்து, நோயில்லாத மரங்களையும் ‘இல்லை’ என்று எழுதி வைக்க வேண்டும். நோய் கண்ட மரங்களை மட்டும் எழுதிய பட்டியலிலிருந்து அது பரவுகிறதா, நிற்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. இப்படிப் பாதி எழுதப்பட்ட பட்டியல்களோடு பல ஆண்டுகள் போராடியதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது இது. 400 கன்றுகளுக்கும் எண்ணிட்ட தகடு கட்டுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கன்றின் அதே கிளையை அதே தூரத்தில் நின்று படம் எடுங்கள். 11 கன்றுகளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அவற்றில் கவாத்து செய்யாதீர்கள். வேறெங்காவது கவாத்து செய்தால் கத்தியைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். கத்தியால் ஸ்பைக் பரவுவதாக உறுதி இல்லை, ஆனாலும் அது நல்ல பழக்கம். அம்மையார் கூந்தல் கொடி எங்காவது சந்தனத்தின் மேல் ஏறியிருந்தால் இன்றே அகற்றுங்கள். செடிக்குச் செடி பாலம் போட்டு இந்த நோயைக் கடத்தக்கூடியது அது. துவரை போன இடங்களில் மழை தொடங்கும்போது நீண்டகாலத் துணைமரக் கன்றுகளை வையுங்கள். நோய் உறுதியானால் அந்தக் கன்றை வேரோடு தோண்டி எடுத்து அங்கேயே எரித்துவிட வேண்டும், தரைமட்டத்தில் வெட்டினால் போதாது. அதே குழியில் குறைந்தது ஓராண்டுக்குச் சந்தனம் வைக்காமல், பழைய வேர்த்துண்டிலிருந்து குருத்து வருகிறதா என்று பாருங்கள்.

தோண்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2001-க்குப் பிறகு கர்நாடகத்தில் சொந்த நிலத்துச் சந்தனம் உரிமையாளருடையதே என்றாலும், அகற்றுவதற்கு வனத்துறையின் அனுமதி தேவைப்படும் மரம் அது. சிறு கன்றுதானே என்று விட்டுவிட்டால் பிறகு கணக்குக் காட்டச் சிரமப்படுவீர்கள். அந்தக் கடிதத்திலேயே, உங்கள் வேலியை ஒட்டிய காட்டுச் சந்தனத்தையும் ஒருமுறை பார்க்கும்படி கேட்டு, நீங்கள் வரைந்த வரைபடத்தின் நகல் ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். சோதனை முடிவு வந்ததும், ‘இல்லை’ என்றே வந்தாலும், எழுதுங்கள்; அடுத்த தளிர்ப்பில் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டியவை எவை என்று படங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.